வராத வாசனை

அன்புள்ள ஜெபா,

இதை நான் போனில் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை முயற்சியும் செய்தேன். முதல் தடவை நீ ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். இரண்டாவது தடவை நான் தொண்டையைச் செருமியதுமே, "அப்பா, உங்க ஜெபத்துலதான் நான் இவ்ளோ தூரம் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டாய். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பினாங்கில் பார்த்த வேலையை விட்டுவிட்டாய், அடுத்த மாதம் உன் தலைமேல் கை வைத்து உன்னைப் போதகராக அபிஷேகம் செய்யப்போகிறார்கள். இரண்டிலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த நாளுக்கு முன்னால் நீ ஒரு காரியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் உன் சித்தி மகள் நீ பிரசங்கம் பண்ணிய வீடியோ ஒன்றை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். நானும் அம்மாவும் சமையலறை மேசையில் போனைச் சீனி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். நன்றாகப் பேசுகிறாய். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நான் பேசுவது போலவே இருக்கிறது. நடுவில் என் கதையைச் சொன்னாய். "எங்கப்பா தேயிலைத் தோட்டத்துல ஒரு சாதாரண மூப்பர். குடிச்சிட்டுத் திருவிருந்து மேசைக்கு வந்த ஒரு ஆளை, வாசனையிலேயே கண்டுபிடிச்சு, எல்லார் முன்னாலயும் வெளியே அனுப்புனாரு. நான் முதல் பெஞ்சுல உக்காந்து பாத்தேன். பரிசுத்தம்னா என்னன்னு அன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன்" என்றாய். ஜனங்கள் கை தட்டினார்கள். உடனே நீ மேடையை விட்டு இறங்கி வந்து, பச்சைச் சுடிதார் போட்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் நின்று, "நீ மறைச்சு வச்சிருக்கிற காரியம் கர்த்தருக்குத் தெரியும், மகளே" என்றாய். அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டது. சுற்றி இருந்தவர்கள் அல்லேலூயா என்று சத்தம் போட்டார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நான் மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தேன்.

அந்தக் கதையில் வரும் ஆள் குடித்திருக்கவில்லை, ஜெபா. எனக்கு எந்த வாசனையும் வரவில்லை.

அவர் பெயர் மாசிலாமணி. உனக்கு மங்கலாக நினைவிருக்கும். கீழ் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை. ஒரு காலத்தில் பெரிய குடிகாரர்தான், அதில் பொய் இல்லை. சம்சு சாராயம் குடித்துவிட்டு அரைவேலைக்கே வந்துசேராத ஆள். நான் மூப்பரான புதிதில் அவர் வீட்டுக்கு எத்தனையோ சாயந்திரம் போய் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஒருநாள் நிறுத்தினார். நிறுத்தியவர் திரும்பத் தொடவில்லை. நான்கு வருடம். "மூப்பர்தான் அந்த ஆள மாத்துனாரு" என்று தோட்டத்தில் சொன்னார்கள். நான் அதை மறுப்பது போல மறுத்து, கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒன்று நடந்தது. மாசிலாமணிக்கு ஜெபம் வந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுக் கூட்டங்களில் அவர் எழுந்து நின்று நாலு வரி ஜெபிப்பார். அலங்காரம் எதுவும் இருக்காது. திக்கித் திக்கித்தான் வரும். ஆனால் பெண்கள் அழுவார்கள். ஆலையில் என்கூட வேலை பார்த்த ஒருவரின் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்காமல் இருந்தபோது, நான் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்து குழந்தையின் தாய், "மாசிலாமணி அண்ணனையும் வரச் சொல்லுங்கலா, அவர் ஜெபிச்சா நல்லா இருக்கும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். சிரித்துக்கொண்டே அவருக்கு ஆள் அனுப்பினேன். அன்று என்னுள் எது வந்து உட்கார்ந்ததோ, அதை நான் பார்க்கவில்லை. பார்க்க நேரம் இருந்தது. ஒரு மாதம் முழுதாக இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. அந்த மாதத்தில் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து முழங்காலில் நின்றேன், ஊருக்காக, தோட்டத்துக்காக, துரைக்காக, எல்லாருக்காகவும் ஜெபித்தேன். என்னை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். திருவிருந்து ஞாயிறுக்கு வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும் என்று நான் அந்த வருடம் முழுக்கப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். போதகர் தானா ராத்தா டவுனிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மேலே வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் பேசுவேன். "ஒரு வாய் காப்பி கூடக் கூடாது" என்பேன். மருந்து சாப்பிடுகிறவர்கள் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அப்போது உடம்பில் ஒரு நோயும் இல்லை.

அந்த மாதம் கழிந்து வந்த திருவிருந்து ஞாயிறு, மாசிலாமணி மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து வந்தார். முகமெல்லாம் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை. நடை ஒரு பக்கமாக இழுத்தது. பெஞ்சைப் பிடித்துப் பிடித்து வந்தார். போதகர் அப்பத்தட்டோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் பலிபீடத்துப் படிக்குக் கீழே நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடிக்க வந்தார். இப்போது நினைத்தால் தெரிகிறது, விழாமல் இருக்கத்தான் பிடிக்க வந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"என்ன மாசிலாமணி, குடிச்சிருக்கீங்களா?"

"இல்லண்ணே... தல... ஒரு மாதிரி..." நாக்கு குழறியது.

"வாசனை வருது. இந்த நெலமையில மேசைக்கு வராதீங்க. வெளிய போங்க."

இதைத் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பாட்டு நின்றிருந்த நேரம் பார்த்து, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்தார். அவர் மனைவி எழுந்து வரப் பார்த்தது, அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தனியாகவே வெளியே போனார். அவர் மகள் கிரேசுக்கு அப்போது எட்டு வயது. தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வருவதற்குள் அவர் ரோட்டு வளைவுக்குக் கீழே, தேயிலை வரிசைக்கு நடுவில் இருந்த பெரிய வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தார். அவரைக் கண்டது நம் சபையார் யாரும் இல்லை. மேல் லயத்து முனியாண்டி. மாரியம்மன் கோயில் வேலையாக லோரியில் போனவர், வாய்க்காலில் ஒரு கால் தெரிவதைப் பார்த்து இறங்கினார். முனியாண்டியின் தாய்க்கு இனிப்பு நீர் வியாதி உண்டு. பார்த்ததும், உடம்பில் சர்க்கரை இறங்கித்தான் இப்படிக் கிடக்கிறார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. கோயிலுக்கு வாங்கிப் போன சீனியை மாசிலாமணியின் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவி, தூக்கி லோரியில் போட்டுத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். உயிர் தப்பியது. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. காலையில் இனிப்பு நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நான் சொன்ன மாதிரி ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார்.

சேதி வந்த அன்று மதியம் உன் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு நெசமாவே வாசனை வந்துச்சா?"

"வந்துச்சு. இனிப்பு நீரும் இருந்திருக்கும், அதுவும் இருந்திருக்கும்."

அவள் மறுபடி கேட்கவில்லை. சபையிலும் நான் அதையேதான் சொன்னேன். டாக்டர் ஒன்றைச் சொல்கிறார், நான் ஒன்றைக் கண்டேன், இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்று. ஒரு பழைய குடிகாரரைப் பற்றி அப்படிச் சொன்னால் யார் நம்ப மாட்டார்கள்? ஐந்தாறு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுவும் தனியாகப் போகவில்லை, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீளமாக ஜெபித்தேன். ஆமென் சொன்னதும் மாசிலாமணி கண்ணைத் திறந்து, "பசியோட வரணும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். "மருந்து சாப்பிடுறவங்களுக்கு அது கெடயாதே" என்றேன், எப்போதோ சொல்லி வைத்தவன் போல.

அதன்பின் அவரால் மலையில் ஏறி மருந்தடிக்க முடியவில்லை. உட்கார்ந்து நாற்றுப் பைகளில் மண் நிரப்பும் வேலை கொடுத்தார்கள். அந்தக் குடும்பம் நம் ஆலயத்துக்கு வருவது நின்றது. இரண்டு வருடத்தில் தோட்டத்தை விட்டே ரிங்லெட்டுக்கு இறங்கிப்போனார்கள். நீ பள்ளிக்கூடத்தில் உன் சிநேகிதர்களிடம் அந்தச் சம்பவத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டாய். ஒருநாள் என் காதிலும் விழுந்தது. உன்னைக் கூப்பிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். நீ சொல்வதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. இத்தனை வருடத்தில் நீ அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அது எனக்கு நன்றாகவே இருந்தது. போகப்போக எனக்கே வாசனை வந்ததாக ஒரு நினைவு உண்டாகத் தொடங்கியது. பொய் இப்படித்தான் பழகுகிறது என்பதை என்னை வைத்தே தெரிந்துகொள்.

வீடியோ முடிந்ததும் அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். "இன்னும் எத்தன நாளைக்கு?" என்றாள்.

"என்ன எத்தன நாளைக்கு?"

"அன்னிக்கு அவர் வெளிய போறப்ப என்னைத் தாண்டித்தான் போனாரு. தடுமாறி என் தோளைப் புடிச்சாரு. மூஞ்சிக்கு நேரா மூச்சு விட்டாரு. ஒரு வாசனையும் இல்ல."

"அப்பவே ஏன் சொல்லல?"

"கேட்டேனே. நீங்க வந்துச்சுன்னு சொன்னீங்க."

இருபத்து மூன்று வருடமாக என்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே பெஞ்சில் ஜெபித்து, அவள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். அவள் ஏன் பேசாமல் இருந்தாள் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. யாரும் எதிர்த்துப் பேசக்கூடிய மனிதனாக நான் இருக்கவில்லை என்பதுதான் பதில். வீட்டில் தாழ்மை இல்லாதவனிடம் யாரும் உண்மையைக் கொண்டுவர மாட்டார்கள். ஆலயத்தில் அவன் எவ்வளவு குனிந்து நின்றாலும் சரி.

மறுவாரம் பஸ்ஸில் ரிங்லெட்டுக்குப் போனேன். மாசிலாமணி மகளோடு இருக்கிறார். கிரேஸ் காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் முட்டைக்கோசும் தக்காளியும் பெட்டி போடும் வேலைக்குப் போகிறது. நான் போனபோது அவர் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கொண்டுபோன பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இனிப்பு நீருண்ணே" என்று திருப்பி என் மடியிலேயே வைத்தார். கிரீம் பிஸ்கட். அந்த மனிதருக்கு, நான். வழியெல்லாம் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று என்னைப் பற்றியே யோசித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

நான் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. வாசனை வரவில்லை, வந்ததாகச் சொன்னேன், உங்கள்மேல் பொறாமை, அவ்வளவுதான் என்றேன். மன்னிக்க வேண்டும் என்றும் கேட்டேன். ரோட்டில் இரண்டு லோரிகள் போயின.

"நான் குடிச்சேனா இல்லயான்னு எனக்குத் தெரியாதாலா" என்றார் கடைசியில். "எனக்குத் தெரியாதது ஒண்ணுதான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா. மூப்பர் தப்பா நெனச்சிட்டாரு, பழைய ஆளுதானே நானு, யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க, அப்படின்னு நெனச்சுதான் அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே மன்னிச்சேன். இப்ப வந்து தெரிஞ்சே சொன்னேங்கிறீங்க. அப்ப நான் மன்னிச்சது வேற ஆள. உங்கள இனிமேதான் மன்னிக்கணும்."

"ஆமா."

"ஒடனே முடியாது. டைம் ஆகும்."

"ஆகட்டும்."

"இப்பவே போயிடாதீங்க. கிரேஸ் வரட்டும். அதுகிட்ட சொல்லுங்க."

கிரேஸ் நாலரை மணிக்கு மோட்டாரில் வந்திறங்கியது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, முகம் மாறி, ஆனாலும் "வாங்க" என்றது. அவளிடம் சொல்வது மாசிலாமணியிடம் சொன்னதைவிடக் கடினமாக இருந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று கேட்டாள். நான் முடித்ததும் அவள் தகப்பனைப் பார்த்துத் திரும்பினாள்.

"அப்போ நீங்க குடிக்கலயாப்பா?"

"குடிக்கலம்மா."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனேம்மா. எத்தன தடவ சொன்னேன். நீதான், மூப்பர் பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லிட்ட. ஒங்கம்மா ஒருத்திதான் நம்புச்சு. அதுவும் போய்ச் சேந்துடுச்சு."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து தகப்பனுடைய முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டது. ஹெல்மெட் இடித்தது. அவர்தான் அதைக் கழற்றிவிட்டார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். உடைந்த இடுப்பெலும்புதான் நான் செய்த சேதம் என்று அதுவரை எண்ணியிருந்தேன். ஒரு பிள்ளை தன் தகப்பனை நம்பாமல் வளர்ந்ததை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு போதகரிடம் அனுமதி கேட்டு, சபையில் எழுந்து நின்று சொன்னேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பழைய ஆட்கள் பத்துப் பேர்கூட இல்லை. மூப்பர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஆள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இந்த வயசுல இப்படி ஒரு தாழ்மை யாருக்கு வரும்லா" என்று ஒருவர் கண் கலங்கினார். வீட்டுக்கு நடந்து வரும்போது, அடுத்த தடவை இதைச் சொன்னால் எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலைக்குத் திரும்பும் வளைவில் வைத்துத்தான் அதைக் கவனித்தேன். அப்படியே நின்றுவிட்டேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "அதையும் பிள்ளைக்கு எழுதுங்க" என்றாள்.

விழித்திருப்பது என்றால் அடுத்தவர்கள் வீட்டு வாசலில் காவல் நிற்பது என்று நான் என் ஆயுசில் பாதியை ஓட்டிவிட்டேன். யார் வருகிறார்கள், யார் வரவில்லை, யார் கண் சிவந்திருக்கிறது, யார் பிள்ளை யாரோடு பேசுகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். என் வாசலில் ஆள் இல்லை. வரக்கூடாதது எல்லாம் அந்த வழியாகத் தாராளமாக வந்துபோய்க்கொண்டிருந்தது. உனக்கு வரம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, ஜெபா. இருக்கலாம். எனக்கு அது தெரியாது. ஜனங்கள் கை தட்டும்போது உன் நெஞ்சில் ஒரு சூடு ஏறுமே, அது எனக்குத் தெரியும். அது ஆவியானவர் தரும் சூடு என்று நானும் நம்பியிருந்தேன். அந்தச் சூடு ஏறும்போது ஒருவரை நோக்கியும் விரலை நீட்டாதே. வாயைத் திறக்காதே. வீட்டுக்கு வந்து, யார்மேல் உனக்கு என்ன கசப்பு என்று முதலில் தேடிப் பார். உன் மனைவி எதைச் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டாள் என்று கேள். அவள் சொல்லும்போது பதில் பேசாதே.

மாசிலாமணி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமைதோறும் போகிறேன். உட்காரச் சொல்கிறார். மழை, காய்கறி விலை, முழங்கால் வலி, இதைத்தான் பேசுகிறோம். போன வாரம் கிரேஸ் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி கலக்கியது. கொண்டுவந்து தரவில்லை, மேசைமேல் வைத்துவிட்டுப் போனது. நான் எடுத்துக் குடித்தேன். நான் கேட்டதை அவர் என்றைக்காவது தருவாரா என்று தெரியாது. தராமலே போனாலும் அதைப் பற்றிப் பேச எனக்கு இடமில்லை.

உன் அபிஷேகத்துக்கு நானும் அம்மாவும் வருகிறோம். பின்னால் எங்காவது உட்கார்ந்துகொள்வோம். மேடைக்குக் கூப்பிடாதே, வர மாட்டேன். அதற்கு முன்னால் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்தப் பச்சைச் சுடிதார்ப் பெண் யார், எங்கே இருக்கிறது என்று விசாரி. யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. போனில் படம் எடுக்கிற ஆட்கள் வேண்டவே வேண்டாம். உன் மனைவி கூட வந்தால் போதும். போய், அன்றைக்கு நான் என்னம்மா சொன்னேன், அதனால் உனக்கு வீட்டில் என்ன ஆயிற்று என்று கேள். அது எதைச் சொன்னாலும் உட்கார்ந்து கேள். கதவைத் திறக்கவில்லை என்றால் இன்னொரு நாள் போ.

போய் வந்ததும் எனக்குப் போன் பண்ணு. அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். போனேன் என்று மட்டும் சொல்.

அப்பா